பாடாதிருந்த ஆண்டுகள்

1971-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் இசைத்தட்டின் அட்டைப்படத்திலிருந்து இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறோம். கறுப்பினத்தவர் ஒருவர் சுவரோரமாக நிற்கிறார். வேலைக்குப் போகிறவர் உடுத்தும் எளிய உடை; கையில் மதிய உணவுப் பெட்டி. பாடகர்களுக்கு உரியவை என்று அந்நாளில் கருதப்பட்ட பளபளப்பு எதுவும் அவரிடம் இல்லை. படம் எடுக்கப்பட்ட இடம், கலிபோர்னியாவில் அவர் பணியாற்றிவந்த விமானச் சாதனத் தொழிற்சாலை. எடுக்கப்பட்ட வேளை, உணவு இடைவேளை. போயிங் 747 விமானங்களுக்குக் கழிப்பறைகள் செய்துகொடுக்கும் பிரிவில் அவருக்கு வேலை. பெயர் பில் விதர்ஸ். அப்போது அவருக்கு வயது 32.

அதன்பின் பதினான்கு ஆண்டுகள் அவர் பாடினார். 'சோல்' என்றும் 'ஃபங்க்' என்றும் அழைக்கப்படும் கறுப்பின மக்களின் இசை மரபில், தாமே எழுதித் தாமே பாடிய மிகச் சிலருள் ஒருவராக உயர்ந்தார். 1985-இல் தமது எட்டாவது இசைத்தட்டை வெளியிட்டார். பிறகு நிறுத்திவிட்டார். நண்பர்கள் கேட்டபோது ஒன்றிரண்டு பாடல்கள் எழுதித் தந்ததுண்டு. புதிய இசைத்தட்டு ஒன்றுகூட அதன்பின் வரவில்லை. 2020-இல் அவர் இறக்கும்வரை ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள். பாடிய காலத்தைவிடப் பாடாதிருந்த காலம் இரு மடங்கினும் மிகுதி. குரல் கெட்டுப்போகவில்லை. கேட்க ஆளில்லாமலும் போகவில்லை. அவர் வீட்டில் இருந்தார், அவ்வளவுதான்.

இறைவன் ஒருவனுக்கு ஒரு கொடையை அளித்தபின், 'போதும்' என்று அதைப் பயன்படுத்தாது நிறுத்தும் உரிமை அவனுக்கு உண்டா? பில் விதர்சின் வாழ்வு நம்முன் வைக்கும் கேள்வி இது. கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதற்கான விடை எப்போதும் தயாராக இருக்கிறது. தாலந்து உவமையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மண்ணைத் தோண்டிப் புதைத்தவன் புறம்பான இருளில் தள்ளப்பட்டான் என்பதைச் சிறு வயதிலேயே மறைக்கல்வி வகுப்பில் மனத்தில் பதித்துக்கொண்டவர்கள்.

நாமும் அந்த விடையை ஒருமுறை எடுத்து வீசியிருக்கிறோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நமது பங்கின் பாடகர் குழுவில் பல ஆண்டுகள் முதற்குரலாகப் பாடிவந்த பெண் ஒருவர், திடீரென்று வருவதை நிறுத்தினார். குழுவில் சிறு மனத்தாங்கல் என்றார்கள். வீட்டில் வேலை மிகுதி என்றார்கள். நாம் சென்று பார்த்தோம். பேச்சினிடையே, உரிய தோரணையுடன், தாலந்தைப் புதைத்த ஊழியனை நினைவூட்டினோம். அவர் சிரித்துவிட்டு, "வீட்டில் பிள்ளையைத் தூங்கவைக்கப் பாடுகிறேனே ஐயா, அது கணக்கில் வராதா?" என்றார். அன்று நம்மிடம் மறுமொழி இல்லை. பில் விதர்சின் வாழ்வை ஊன்றிப் படிக்கத் தொடங்கியபோது அந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்து நின்றது.

அவர் 1938-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்லாப் ஃபோர்க் என்னும் நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைசி. அருகிலிருந்த பெக்லி என்னும் ஊரில் வளர்ந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி. மகனுக்குப் பதின்மூன்று வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். தாயும் பாட்டியும் வளர்த்தார்கள். சிறுவனுக்குத் திக்குவாய். கடையில் போய் ஒரு பொருளைக் கேட்பதும் வகுப்பில் எழுந்து விடை சொல்வதும் அத்தகைய பிள்ளைக்கு எவ்வளவு பெரிய துன்பம் என்பதை, அக்குறை உள்ள குழந்தையை வீட்டில் வைத்திருப்போரே அறிவர். இருபது வயதுகளின் பிற்பகுதிவரை அந்தக் குறை அவரை விடவில்லை. அவனால் முடியும் என்று முதலில் நம்பியவர் பாட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் கைதட்டிப் பாடும் மூதாட்டி அவர். பின்னாளில் அவருடைய கைகளைப் பற்றியே 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' என்னும் பாடலை விதர்ஸ் எழுதினார். பாட்டியின் புகழ்பாடும் பாடல்கள் உலகில் பல இருக்கலாம். கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முழு மனிதரை அவற்றில் காட்டிய பாடல் அரிது.

இளம் வயதிலேயே கடற்படையில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் பணிபுரிந்தார். 1965-இல் அதைவிட்டு வெளியேறினார். பால் விநியோகித்தார், தொழிற்சாலைகளில் பாகங்களைப் பொருத்தும் வேலைகளைச் செய்தார். இசைக்கு வந்த கதையை அவரே ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். ஓக்லாந்து நகரின் இரவு விடுதி ஒன்றில் லூ ரால்ஸ் என்ற புகழ்பெற்ற பாடகர் பாடவேண்டியிருந்தது. அவர் வரத் தாமதமாயிற்று. வாரத்துக்கு 2,000 டாலர் கொடுத்தும் இவர் நேரத்துக்கு வருவதில்லையே என்று விடுதி மேலாளர் புலம்பினார். விதர்சுக்கு அப்போது மணிக்கு 3 டாலர் கூலி. அடகுக் கடையில் ஒரு மலிவான கிட்டார் வாங்கி, வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் தாமே கற்றுக்கொண்டார். வானிலிருந்து குரலொன்று கேட்டதாகவோ கலையின் அழைத்தல் தம்மைப் பற்றி இழுத்ததாகவோ அவர் ஒருபோதும் சொன்னதில்லை. கூலி போதவில்லை. அதுதான் தொடக்கம். அழைத்தல் என்ற சொல்லை நாம் சற்று உயரமான இடத்திலேயே வைத்துப் பழகிவிட்டோம். அதனால் இத்தகைய தொடக்கங்கள் நமக்கு ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆயினும் மீன் பிடித்துப் பிழைத்தவர்களும் சுங்கச் சாவடியில் அமர்ந்திருந்தவரும் அழைக்கப்பட்ட வரலாறு நம்முடையது.

தம் கூலியிலிருந்து மிச்சம்பிடித்துச் சில பாடல்களைப் பதிவுசெய்து கொண்டு அலைந்தார். கிளாரன்ஸ் அவந்த் என்பவர் நடத்திய சசெக்ஸ் என்னும் சிறு நிறுவனம் அவரை ஏற்றது. புகழ்பெற்ற இசைக்கலைஞர் புக்கர் டி. ஜோன்ஸ் தயாரிப்பை மேற்கொண்டார். அந்த முதல் இசைத்தட்டில்தான் 'எய்ன்ட் நோ சன்ஷைன்' இடம்பெற்றது. மதுவுக்கு அடிமையான ஒரு தம்பதியைப் பற்றிய திரைப்படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபின் எழுதிய இரண்டு நிமிடப் பாடல் அது. நடுவே ஒரு சிறு சொற்றொடரை 26 முறை திரும்பச் சொல்கிறார். அவ்விடத்தில் மேலும் வரிகள் எழுதி நிரப்பவே அவர் எண்ணியிருந்தார். உடனிருந்த தேர்ந்த இசைஞர்கள் அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். அவர்களெல்லாம் தொழில் அறிந்தவர்கள், தாமோ ஆலைத் தொழிலாளி, ஆகவே கேட்டுக்கொண்டேன் என்பது அவர் தந்த விளக்கம். எழுதி முடிக்காமல் நிறுத்திய இடமே அப்பாடலின் உயிர்நிலையாக அமைந்தது. 1972-இல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது.

பாடல் வெற்றிபெறத் தொடங்கியபின்னும் அவர் ஆலை வேலையை நம்பியே இருந்தார். இசைத்தொழில் நிலையற்றது என்பது அவருடைய உறுதியான எண்ணம். இடையில் ஆலையில் ஆட்குறைப்பு நடந்து அவர் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார். பின்னர் ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன என்று அவர் நினைவுகூர்ந்ததுண்டு: ஒன்று, மீண்டும் வேலைக்கு வரலாம் என்று ஆலையிலிருந்து, மற்றது, அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சியில் பாட வருமாறு. எந்தக் கடிதத்துக்கு அவர் இணங்கினார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டையும் ஏறக்குறைய ஒரே தட்டில் வைத்துப் பார்க்கத் தெரிந்த மனிதர் அவர். அட்டைப்படத்து உணவுப் பெட்டியை விளம்பர உத்தி என்று நாம் முதலில் எண்ணினோம். இப்போது அப்படித் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு வெளிவந்த 'லீன் ஆன் மீ' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. புதிதாக வாங்கிய சிறு மின்பியானோவில் விரல்களை ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு வரிசையாக மேலும் கீழும் நகர்த்தியபோது பிறந்த மெட்டு. இசை பயிலத் தொடங்கும் குழந்தைகூட வாசித்துவிடலாம். அதன் பொருளோ ஸ்லாப் ஃபோர்க்கிலிருந்து வந்தது. ஒருவர் வீட்டில் இல்லாதது அடுத்த வீட்டிலிருந்து வரும், துன்பம் வந்தால் அண்டை வீட்டார் வந்து நிற்பர் என்ற சுரங்கக் குடியிருப்பின் ஒழுங்கு அது. பெருநகரத்துக்கு வந்தபின் அதன் இன்மையை உணர்ந்தே அப்பாடலை எழுதினார். அதே இசைத்தட்டிலுள்ள 'யூஸ் மீ' முற்றிலும் வேறு முகம். ஜேம்ஸ் கேட்சனின் முரசும் மின்விசைக் கட்டைக் கருவியும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு செல்லும் தாளக்கட்டு. ஃபங்க் இசை இன்னதென்று கேட்பவருக்கு விளக்கம் தருவதைவிட அதை ஒருமுறை கேட்கச் சொல்லலாம். 1972 அக்டோபரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பாடியபோது, வியட்நாம் போரில் வலக்கையை இழந்து திரும்பிய இளைஞன் ஒருவனைப் பற்றிய பாடலையும் சேர்த்துக்கொண்டார். தாய்க்கு ஒரு கடிதம் எழுதித்தர ஆள் தேடும் இளைஞன். போர் எதிர்ப்புப் பாடல்கள் மலிந்திருந்த அக்காலத்தில் முழக்கம் ஒன்றும் இல்லாத இப்பாடல் தனித்து நிற்கிறது.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். சசெக்ஸ் நிறுவனத்துடன் பணத் தகராறு. 1975-இல் அந்நிறுவனமே மூடப்பட்டது. பெரிய நிறுவனமாகிய கொலம்பியாவுக்குச் சென்றார். 1977-இல் 'லவ்லி டே' வந்தது. அதன் இறுதியில் ஒரே சுரத்தை 18 விநாடிகள் இழுத்து நிறுத்துகிறார். ஒரு காலத்தில் ஒரு சொல்லை முடிக்கத் திணறிய வாய் அது. ஆனால் அந்நிறுவன அலுவலர்களுடன் அவருக்கு ஒத்துப்போகவில்லை. அவர் எழுதிக் கொடுத்தவற்றை ஏற்காமல், எல்விஸ் பிரெஸ்லி பாடிய பழைய பாடலொன்றைத் திரும்பப் பாடுமாறு சொன்னார்கள். 1978-க்கும் 1985-க்கும் இடையே அவர் பெயரில் ஓர் இசைத்தட்டும் வரவில்லை. அந்த இடைவெளியில், வேறொரு கலைஞரின் இசைத்தட்டுக்காகப் பாடிய 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' அவருக்கு மீண்டும் ஒரு கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. 1985-இல் கொலம்பியாவுக்காகக் கடைசி இசைத்தட்டு. வீட்டுக்குத் திரும்பினார். மனைவி அவருடைய பாடல் உரிமைகளைக் கவனித்துக்கொண்டார். அவர் மகனையும் மகளையும் வளர்த்தார்.

இனி உவமைக்கு வருவோம். மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தால், மூன்றாம் ஊழியன் கண்டிக்கப்படுவதற்கான காரணம் அவன் வாயிலிருந்தே வருவதைக் காணலாம். தலைவர் கடின உள்ளத்தினர் என்று அவன் எண்ணினான், அஞ்சினான், அஞ்சியதால் புதைத்தான். முதலிருவரோ தலைவரின் நம்பிக்கையை உணர்ந்து துணிந்து முயன்றனர். உவமையின் கூர்முனை பதிந்திருப்பது உழைப்பின் அளவிலன்று, தலைவரைப் பற்றிய எண்ணத்தில். நாமோ அதைத் தொழிற்சாலை மேற்பார்வையாளரின் கணக்கேடாக மாற்றிவிட்டோம். எவ்வளவு விளைந்தது, ஏன் இன்னும் விளையவில்லை, ஓய்வெடுக்க யார் அனுமதி தந்தது என்று கேட்கத் தொடங்கினோம். அஞ்சத்தக்க கடின உள்ளத்தினராகத் தலைவரை எண்ணியது அந்த ஊழியனின் பிழை. அதே எண்ணத்தையல்லவா நாம் நம் பிள்ளைகளுக்குப் போதித்து வருகிறோம்?

இந்த அளவுகோலால் அளந்தால் விதர்ஸ் அஞ்சிப் புதைத்தவரல்லர். முப்பது வயதைக் கடந்த திக்குவாய் மனிதர் ஒருவர், தம் கூலியைச் செலவிட்டு, முன்பின் அறியாத தொழிலில் குரலை முதலீடு செய்தார். அச்சமுள்ளவர் செய்யும் செயலன்று அது. எனினும் வாசகர் ஒருவர் இங்கே இடைமறிக்கலாம்: 'அவர் அமைதியாக வெளியேறினாரா, கோபித்துக்கொண்டு வெளியேறினாரா?' நேர்மையான கேள்வி. கோபம் இருந்தது. ஆண்டுகள் பல கடந்தபின் அளித்த பேட்டிகளிலும் அந்நிறுவன அலுவலர்களைப் பற்றிப் பேசும்போது அவர் சொற்களில் காரம் குறையவில்லை. மன்னித்து மறந்த மாமனிதர் என்று அவரைப் புனைந்துரைக்க நமக்கு உரிமையில்லை. மனிதர்மீது கொண்ட சினத்தால் இறைவன் தந்த கொடையை நிறுத்துவது தகுமா என்று கேட்டால், தகாது என்றே சொல்வோம். ஆனால் சினம் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒருவரை வீட்டில் மகிழ்வோடு இருத்தி வைக்காது. வேறு நிறுவனங்கள் இருந்தன, அவர் தேடிப்போகவில்லை. வாசலில் தள்ளியது சினமாக இருக்கலாம். உள்ளே தங்க வைத்தது வேறு ஏதோ ஒன்று.

இன்னொரு தடையும் உண்டு. இதுவே நம்மை அதிகம் உறுத்துகிறது. அவரால் நிறுத்த முடிந்தது. எழுதிய பாடல்கள் அவருக்காக உழைத்துக்கொண்டிருந்தன. 'லீன் ஆன் மீ' பாடலை 1987-இல் கிளப் நூவோ என்னும் குழுவினர் பாடி மீண்டும் முதலிடத்துக்குக் கொண்டுசென்றனர். அதனால் விதர்சுக்கு மூன்றாவது கிராமி கிடைத்தது. 1996-இல் பாட்டியின் கைகளைப் பற்றிய பாடலின் இசைத்துணுக்கை எடுத்துக் கட்டிய வேறொரு பாடல் நாடெங்கும் ஒலித்தது. உரிமைத்தொகை வீடு தேடி வந்தது. அவருடைய தந்தை ஸ்லாப் ஃபோர்க் சுரங்கத்தில் 'போதும்' என்று சொல்லியிருக்க முடியுமா? மாலையில் கால் கடுத்தாலும் மறுநாள் காலை எழுந்தே ஆகவேண்டியவர்களுக்கு இந்தக் கட்டுரையின் கேள்வியே ஓர் ஆடம்பரமாகத் தோன்றும். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். உவமையில், நீயே வாணிபம் செய்யாவிட்டாலும் வட்டிக் கடையிலாவது போட்டு வைத்திருக்கலாமே என்று தலைவர் கேட்கிறாரல்லவா? விதர்சின் தாலந்து வட்டிக் கடையில்தான் இருந்தது என்று ஒருவர் வேடிக்கையாகச் சொல்லலாம். வேடிக்கைதான், ஆனால் அந்த வட்டியை உண்டவர் அவர் மட்டுமல்லர். பள்ளிகளிலும் ஆலயங்களிலும் இறுதிச் சடங்குகளிலும் அப்பாடலைப் பாடி ஆறுதல் பெற்றவர்களும் உண்டு.

அதே தலைமுறையின் மற்றவர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. டானி ஹாதவே மனநோயால் துன்புற்று, 1979-இல் நியூயார்க் விடுதியொன்றின் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார்; வயது 33. மார்வின் கே, 1984 ஏப்ரல் முதல் நாள் தம் தந்தையின் துப்பாக்கிக்கு இரையானார். மறுநாள் அவருக்கு 45 வயது நிறைந்திருக்கும். இவர்களுடைய துயரங்களுக்குப் புகழே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுவது அநீதி. நோயும் குடும்பமும் போதைப்பொருளும் பின்னிய கதைகள் அவை. அல் கிரீன் கதை வேறு. புகழின் உச்சியில் மெம்பிஸ் நகரில் ஓர் ஆலயத்தை நிறுவி, 1976 முதல் அதன் போதகராக விளங்கினார். அவரைப் பற்றிக் கேள்விப்படும்போது நம் உள்ளம் உடனே இசைந்துவிடுகிறது. மேடையை விட்டு இறைப்பணிக்குச் சென்றார், நன்று என்கிறோம். விதர்சோ மேடையை விட்டு எந்தத் திருப்பணிக்கும் செல்லவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தார். முதுமையில் பகல் நேரத்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பார்த்தார். மடத்துக்குச் சென்றால் துறவு என்கிறோம். வீட்டுக்குச் சென்றால் வீண் என்கிறோம். இல்லறத்தை அருளடையாளமாகக் கொண்ட திருச்சபையின் பிள்ளைகள் இவ்வாறு எண்ணுவது விந்தையன்றோ?

நிறுத்தியவர்கள் நம் மரபிலும் உண்டு. புனித அக்குவினா தோமையார் 1273-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் நேப்பிள்சு நகரில் திருப்பலி நிறைவேற்றியபின் எழுதுகோலைக் கீழே வைத்தார். இறையியல் உலகின் மாபெரும் நூல் மூன்றாம் பகுதியின் நடுவே நின்றுபோயிற்று. உடனிருந்த துறவி ரெஜினால்டு, தொடர்ந்து எழுதுமாறு மன்றாடினார். தாம் கண்டதோடு ஒப்பிடும்போது எழுதியவையெல்லாம் வெறும் வைக்கோலாகத் தோன்றுகின்றன என்னும் பொருள்பட மறுமொழி சொல்லி, மூன்று மாதங்களில் மறைந்தார். திக்குவாய்ப் பாடகரை இப்புனிதரோடு ஒருசேர நிறுத்த நாம் முனையவில்லை. ஒருவர் நிறுத்தியது பேரொளியைக் கண்டதால். மற்றவர் நிறுத்தியது அலுவலகச் சச்சரவில் சலித்ததால். ஆயினும் ரெஜினால்டின் மன்றாட்டு நமக்கு நன்கு பழக்கமானது. கொடையாளரைவிடக் கொடையை அதிகம் விரும்பும் குரல் அது. அந்த நல்ல துறவியை நாம் குறைசொல்லவில்லை. அவரிடத்தில் நாம் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்போம்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1981-இல் மனித உழைப்பைக் குறித்து வெளியிட்ட சுற்றுமடலில், வேலைக்காக மனிதர் இல்லை, மனிதருக்காகவே வேலை என்னும் கருத்தை நிலைநாட்டினார். செய்யப்படும் பொருளால் வேலை மாண்பு பெறுவதில்லை. செய்பவர் மனிதர் என்பதாலேயே பெறுகிறது. 1999-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று கலைஞர்களுக்கு அவர் எழுதிய மடலில் ஒரு வேறுபாட்டைச் சுட்டுகிறார். எல்லாரும் கலைஞராக அழைக்கப்படவில்லை. ஆனால் தம் வாழ்வையே ஒரு படைப்பாக உருவாக்கும் பொறுப்பு எல்லாரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தபின், விதர்சிடம் ஒப்படைக்கப்பட்டது பாட்டு மட்டும்தான் என்று கருதியதே நமது பிழையோ எனத் தோன்றியது. விமானக் கழிப்பறையைச் செய்த கைகளும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டவை. திக்கிய நாவும் ஒப்படைக்கப்பட்டதே. இரண்டு பிள்ளைகளும் அவ்வாறே. இவற்றுள் ஒன்று மட்டும் உலகச் சந்தையில் விலைபோயிற்று என்பதற்காக மற்றவற்றை அதற்கு வேலையாட்களாக்க வேண்டுமா?

2009-இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் வெளிவந்தது. அதில் அவர் சொல்லும் ஒரு செய்தியை அப்படத்தைப் பார்த்தோர் மறப்பதில்லை. மிகச் சிறந்த இடத்தை நோக்கிப் புறப்படுவது நல்லதுதான். ஆனால் வழியில் 'பரவாயில்லை' என்னும் ஊரைக் கடந்தே போகவேண்டும். அங்கே சற்று நின்று நன்றாகச் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருவேளை உங்கள் பயணம் அதற்குமேல் போகாமலும் இருக்கலாம் என்ற கருத்து. தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த அறிவுரையாம். நம் இல்லங்களில் பிள்ளைகளிடம் நாம் சொல்லிவருவது இதற்கு நேர்மாறானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வரும் மாதத்தில் இவ்வறிவுரையை ஒரு தந்தை தன் மகனிடம் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அதே படத்தில், நியூயார்க்கில் திக்குவாய் உள்ள சிறுவர் சிறுமியர் நாடகம் நடிக்கும் குழு ஒன்றை அவர் சென்று காண்கிறார். எழுபதை எட்டிய மனிதர், ஒரு சொல்லுக்காகப் போராடும் குழந்தைகள் முன் அமர்ந்திருக்கிறார். அங்கே அவருடைய கிராமி விருதுகளுக்கு வேலையில்லை. அக்குழந்தைகளுக்குத் தேவைப்பட்டது, அவர்களுடைய சொல் முழுமையாக வெளிவரும்வரை அவசரப்படாமல் காத்திருக்கும் ஒருவர். காத்திருக்க அவருக்குத் தெரிந்திருந்தது. மற்றொரு காட்சியில், வீட்டிலுள்ள சிறு பதிவறையில் தம் மகள் பாட, அவர் கேட்கிறார். உலகமே கேட்க விரும்பிய குரலுக்கு உரியவர், தாம் கேட்பவராக அமர்ந்திருந்த காட்சி அது. "அது கணக்கில் வராதா?" என்று நம்மைக் கேட்ட பெண்மணியின் முகம் அவ்விடத்தில் நினைவுக்கு வந்ததைத் தவிர்க்க முடியவில்லை. அவர் இன்றுவரை பாடகர் குழுவுக்குத் திரும்பவில்லை. அன்று சொன்னதற்காக நாம் வருந்துவதாக அவரிடம் சொல்ல வேண்டுமென்று நினைத்துக்கொண்டே இருக்கிறோம், இன்னும் சொல்லவில்லை.

2015-இல் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் விதர்ஸ் சேர்க்கப்பட்டார். ஸ்டீவி வொண்டர் அவரை அறிமுகம் செய்துவைத்தார். விதர்சின் நகைச்சுவையான ஏற்புரைக்கு அரங்கம் சிரித்து மகிழ்ந்தது. மீண்டும் பாட வருவார் என்று பலர் எதிர்பார்த்தனர். வீட்டுக்குப் போனார்.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா தொற்று அந்நாட்டு நகரங்களை முடக்கியபோது, மருத்துவமனைப் பணியாளர்களும் பாடகர் குழுவினரும் வீட்டுக்குள் அடைபட்ட சாதாரண மக்களும் 'லீன் ஆன் மீ' பாடலைப் பாடிப் பதிவுசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். மார்ச் 30-ஆம் நாள் பில் விதர்ஸ் இதயக் கோளாறால் லாஸ் ஏஞ்சலிசில் காலமானார், வயது 81. குடும்பத்தினர் அச்செய்தியை ஏப்ரல் 3-ஆம் நாள்தான் வெளியிட்டனர். இடைப்பட்ட நாள்களில் அப்பாடலைப் பாடியவர்களுக்கு அதை எழுதியவர் இறந்துவிட்டது தெரியாது.